பிள்ளையின் முகத்துக்குக் குத்தகைக்காரன்!

மணிக்கு 7 டாலர் 25 சென்ட். அமெரிக்காவின் மத்திய சர்க்கார் சட்டத்தில் எழுதியிருக்கும் குறைந்தபட்சக் கூலி இதுதான். 2009 ஜூலையில் வைத்தது. அதற்குப் பின் வீட்டு வாடகை ஏறியது, ரொட்டி விலை ஏறியது, மருந்து விலை ஏறியது; கூலி மட்டும் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சில மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டு இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கின்றன, உண்மை. ஆனால் தென் மாநிலங்கள் பலவற்றில் இன்றைக்கும் இதற்கு மேல் சட்டம் இல்லை.

இந்தக் கூலிக்கு ஓட்டலில் தட்டுக் கழுவுகிற ஒரு தாய் வாரத்துக்கு 40 மணி நேரம் உழைத்தால் 290 டாலர் சம்பாதிப்பாள். அதுவும் பிடித்தம் போவதற்கு முன்னால். அவள் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். அங்கே அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு "சீனியர்" என்று பெயர். ஒருநாள் ஒரு போட்டோக் கம்பெனியிடமிருந்து வீட்டுக்கு வழவழப்பான காகிதத்தில் கடிதம் வருகிறது. பள்ளிக்கூடத்தின் பெயரும் அதில் அச்சாகியிருக்கிறது. "உங்கள் மகன் பள்ளி முடிக்கப் போகிறான், இன்ன தேதியில் அவனைப் படம் எடுக்கிறோம்" என்ற சேதி. கூடவே விலைப் பட்டியல்: ஏ ரகம், பி ரகம், சி ரகம். நடுத்தர ரகம் ஒன்று 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இது ஒன்றும் அதிசய விலையல்ல. ஆயிரத்தைத் தாண்டும் ரகங்களும் உண்டு.

கணக்குப் போடுங்கள், தோழர்களே! ஒரு வாரம் முழுவதும் கை ஊறிப்போகத் தட்டுக் கழுவினாலும் அந்தத் தாயால் தன் பிள்ளையின் முகத்தை வாங்க முடியாது. இன்னும் 10 டாலர் குறைகிறது.

"ஆலைக் கதவடைப்பும் கூலிப் பிரச்னையும் இருக்கும்போது போட்டோவுக்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. காமிரா பிடிக்கத் தெரிந்த வாலிபர்களுக்கு அமெரிக்காவில் ஓயாமல் ஓர் உபதேசம் நடக்கிறது. பள்ளி முடிக்கும் பிள்ளைகளை வைத்து வியாபாரம் கட்டு. அது வற்றாத கிணறு. ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள் என்கிற உபதேசம். ஆண்டுக்குச் சுமார் 37 லட்சம் பேர் அங்கே ஹைஸ்கூல் முடிக்கிறார்கள். உபதேசிகளின் கண்ணுக்கு இவர்கள் பிள்ளைகளாகத் தெரியவில்லை. அறுவடைக்கு நிற்கும் கதிராகத் தெரிகிறார்கள். இந்த உபதேசம் கைப்பேசி வழியாக நம் தோழர்கள் வீட்டு வாலிபர் காதிலும் வந்து விழுகிறது. ஆகவேதான் இதை அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோட்டுக்கு முதுகு இல்லை

முதலில் வைபவம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பள்ளிக்குள்ளேயோ கம்பெனியின் ஸ்டூடியோவிலோ ஒரு முக்காலி, பின்னால் ஒரு படுதா, இரண்டு விளக்கு. பையனுக்குக் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் வில் முடிச்சு. அதாவது, முன்புறம் மட்டும்! பல இடங்களில் அந்தக் கோட்டுக்கு முதுகே கிடையாது. முன்னால் மாட்டிப் பின்னால் ஒட்டிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தோளைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி. முதுகில் ஒரு கிளிப். ஒரு பிள்ளை கழற்றியதை அடுத்த பிள்ளை மாட்டிக்கொள்கிறது. சில நிமிஷத்துக்கு ஒரு முகம். கீழே கிழிந்த ஜீன்ஸ் இருந்தாலும் படத்தில் எல்லோரும் கனவான் வீட்டுப் பிள்ளைகள். அமெரிக்க ஜனநாயகத்தில் வர்க்க பேதம் இல்லை என்கிறார்களே, அது இந்தக் கோட்டைப் போல்தான் போலிருக்கிறது.

இந்தக் கோட்டு விஷயத்தில்கூட அடக்குமுறை உண்டு. மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு மாணவி துணியைப் போர்த்திக்கொள்ள மறுத்து, கோட்டு அணிந்து படம் எடுத்துக்கொண்டாள். 2010 ஆம் ஆண்டு மலரின் சீனியர் பக்கங்களில் பள்ளி அந்தப் படத்தைப் போடவில்லை. வழக்குக் கோர்ட்டுக்குப் போய், 2011 இல் ராஜியில் முடிந்தது. முகம் அவளுடையது, அந்த முகத்துக்குக் கீழே என்ன துணி இருக்க வேண்டும் என்பது மட்டும் அவள் கையில் இல்லை!

படம் எடுத்தாயிற்று. அடுத்து மாதிரிப் படங்கள் வருகின்றன. முன்பெல்லாம் காகிதத்தில் வரும். இப்போது கைப்பேசியில் வருகிறது. பிள்ளை சிரிக்கிறான். சிரிப்பின் குறுக்கே கம்பெனியின் பெயர் அச்சடித்திருக்கிறது! பணம் கட்டும்வரை அந்தப் பெயர் முகத்தை விட்டு நகராது. கட்டிய பிறகும் படம் தாய்க்குச் சொந்தமாகிவிடாது. அமெரிக்காவின் 1976 ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலிக்கு வேலை செய்பவன் தன் வேலையின் பகுதியாக எடுத்த படம் எஜமானனுக்கு உரியது. காமிராவை அழுத்தியவனுக்கும் இல்லை, பத்து மாதம் சுமந்தவளுக்கும் இல்லை. கம்பெனியின் அனுமதி இல்லாமல் இன்னொரு பிரதி போட்டால் பதிப்புரிமை மீறல். நெசவாளி நெய்த துணி நெசவாளிக்கு இல்லை என்பது நமக்குத் தெரிந்த கதை. பெற்ற பிள்ளையின் முகமே பெற்றவளுக்கு இல்லை என்பது அந்தக் கதைக்கு அடுத்த அத்தியாயம்.

யாருக்குக் கிடைத்த பாக்கியம்?

நாம் போட்டோவுக்கு விரோதிகள் அல்ல. உழைப்பாளி வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு படத்தின் அருமை மாளிகைக்காரனுக்குத் தெரியாது. அவனுக்கு ஆதிகாலம் முதல் ஓவியன் இருந்தான். நம் பாட்டனின் முகம் எப்படி இருந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1839 இல் பாரிஸில் டாகேரின் முறை வெளியானபோது ஒரு தகட்டில் ஒரு படம்தான் கிடைத்தது. பிரதி போட வழியில்லை. பிறகு கண்ணாடி நெகடிவ் வந்தது. ஒன்றிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் காகிதத்தில் போடலாம் என்றாயிற்று. விலை சரிந்தது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1838 இல் தப்பியோடி, அடிமை ஒழிப்புக்காக வாழ்நாள் முழுவதும் போராடிய பிரடெரிக் டக்ளஸ் இதன் பெருமையைக் கண்டுகொண்டவர். அரைநூற்றாண்டுக்கு முன் ராணிகள் பணம் கொட்டினாலும் கிடைக்காத அச்சான உருவம் இன்று சில ஷில்லிங் கூலி வாங்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் கிடைக்கிறது என்ற கருத்தை அவர் மேடையில் பேசினார். அவருடைய படங்கள் 160 க்கு மேல் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. 19 ஆம் நூற்றாண்டு அமெரிக்கர்களில் அவரளவுக்குப் படம் பிடிக்கப்பட்டவர் வேறில்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கறுப்பு மனிதனைக் கோமாளியாக வரைந்து அச்சடித்த தேசத்தில், "இதோ என் முகம், நிமிர்ந்து பார்!" என்று காட்ட அவருக்குக் காமிரா ஆயுதமாயிற்று.

அதே 1860 களில் மாசசூசெட்ஸில் ஜார்ஜ் வாரன் என்ற போட்டோக்காரர் ஹார்வர்டு, யேல் முதலிய கல்லூரிகளுக்குப் போய், படிப்பை முடிக்கும் மாணவர்களை ஒவ்வொருவராகப் படம் எடுத்து விற்றார். மாணவர்கள் நண்பர்களின் படங்களையெல்லாம் வாங்கி ஆல்பமாகக் கட்டிவைத்துக்கொண்டார்கள். இன்றைய சீனியர் படத்துக்கும் ஆண்டு மலருக்கும் மூதாதை இதுதான். கல்லூரிச் சீமான்களின் வழக்கம் நாளடைவில் ஹைஸ்கூலுக்கும் இறங்கி வந்தது. ஹைஸ்கூலில் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். வழக்கம் கடமையாயிற்று, கடமையானதும் அதற்கு வசூல்காரன் வந்துவிட்டான்.

பள்ளி வாசலுக்குக் குத்தகை

வசூல்காரன் எப்படி வருகிறான்? படத்தின் தரத்தைக் காட்டி அல்ல. பள்ளி வாசலைக் குத்தகைக்கு எடுத்து!

பள்ளி நிர்வாகமும் போட்டோக் கம்பெனியும் காண்ட்ராக்ட் போட்டுக்கொள்கின்றன. பல இடங்களில் அதன் சாரம் இதுதான்: இத்தனை வருஷத்துக்கு இந்தப் பள்ளியின் சீனியர் படங்களை இந்தக் கம்பெனிதான் எடுக்கும், ஆண்டு மலரில் இந்தக் கம்பெனி எடுத்த படம்தான் இடம் பெறும். அதற்குப் பதிலாக விற்பனையில் ஒரு பங்கு பள்ளிக்குப் போகும். அல்லது காமிரா, அடையாள அட்டை, மலர் வேலைக்கு உதவி என்று பொருளாகப் போகும். இதை லஞ்சம் என்று யாரும் சொல்வதில்லை. சட்டமும் தடுப்பதில்லை. "கமிஷன்" என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கங்காணி தலைக்கு இத்தனை என்று வாங்கியதற்கும் அந்தக் காலத்தில் கமிஷன் என்றுதான் பெயர்!

தலைமையாசிரியர் கெட்டவரா? பெரும்பாலும் இல்லை. அமெரிக்கப் பள்ளிகளின் பணத்தில் பெரும் பங்கு அந்தந்த வட்டாரத்து வீட்டு வரி, நில வரியிலிருந்து வருகிறது. மாளிகைகள் நிற்கும் வட்டாரத்தில் வரி கொட்டுகிறது. குடிசையும் வாடகை வீடும் நிறைந்த வட்டாரத்தில் பள்ளியின் பை காலி. மாநில சர்க்கார் கொஞ்சம் ஈடு கட்டுகிறது, முழுக்கக் கட்டுவதில்லை. வாத்தியக் குழுவுக்குப் பணமில்லை, மைதானத்துக்குப் பணமில்லை என்று தவிக்கும் தலைமையாசிரியர் முன்னால் கம்பெனி ஏஜெண்ட் வந்து செக்கை நீட்டுகிறான். அவர் வாங்குகிறார். அந்தச் செக்கில் இருப்பது யாருடைய பணம்? தட்டுக் கழுவுகிற தாயின் பணம்! பணக்காரனிடம் வரியாக வாங்க வேண்டியதைக் கூலிக்காரியிடம் படமாக விற்று வாங்குகிறார்கள். ரசீது இல்லாத வரி இது. ஏழை வட்டாரத்தில்தான் இந்த வரி அதிகம் உறைக்கும்.

குத்தகை பெரிதாகப் பெரிதாகக் குத்தகைக்காரனும் பெரியவனாகிறான். மினசோட்டா மாநிலத்தில் 1936 இல், பொருளாதார மந்தக் காலத்தில், இரண்டு பேர் பள்ளிப் பிள்ளைகளைப் படம் எடுக்கும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார்கள். அதுதான் பின்னாளில் லைஃப்டச் என்று பெயர் பெற்று அந்தத் தொழிலின் ராட்சதன் ஆயிற்று. பல காலம் அது ஊழியர் பங்குத் திட்டத்தின் கீழ் இருந்தது. "தொழிலாளிகளே முதலாளிகள்" என்று மார்தட்டுவதற்கு வாகான ஏற்பாடு. 2018 இல் ஷட்டர்ஃப்ளை என்ற கம்பெனி அதை 82 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. மறு வருஷமே, 2019 இல், ஷட்டர்ஃப்ளையை அப்போலோ என்ற நியூயார்க் நிதி நிறுவனம் விழுங்கியது. ஜாஸ்டன்ஸ் என்று இன்னொன்று. 1897 இல் மினசோட்டாவின் ஓவடோனா ஊரில் கடிகாரம் பழுது பார்க்கும் கடையாகத் துவங்கி, பள்ளி மோதிரம், ஆண்டு மலர், பட்டமளிப்பு அங்கி எல்லாவற்றிலும் கால் ஊன்றிய கம்பெனி. அதுவும் 2018 இல் 130 கோடி டாலருக்குப் பிளாட்டினம் என்ற நிதி நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

இந்த நிதி நிறுவனங்களுக்குக் காமிராவைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ என்ன அக்கறை? கடன் வாங்கிக் கம்பெனியை வாங்குவார்கள். அந்தக் கடனை அதே கம்பெனியின் தலையில் கட்டுவார்கள். வட்டிக்கு மேல் லாபம் கறந்துகொண்டு இன்னொருவனுக்கு விற்பார்கள். உழுபவனுக்கும் நிலத்துக்கும் நடுவில் எத்தனை குத்தகை, உள்குத்தகை உண்டு என்பது நம் விவசாயத் தோழர்களுக்குப் புதிதல்ல. பிள்ளைக்கும் படத்துக்கும் நடுவில் இப்போது நியூயார்க் உட்கார்ந்திருக்கிறது.

காமிராவைத் தூக்கும் தொழிலாளி? பள்ளி திறக்கும் இலையுதிர் காலத்தில் வேலைக்கு எடுப்பார்கள். அதிகாலையில் விளக்கும் படுதாவும் முக்காலியும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளிக்கு ஓட வேண்டும். நூற்றுக்கணக்கில் முகங்கள், ஒவ்வொன்றிலும் சிரிப்பு வரவழைக்க வேண்டும். மணிக் கூலி. பருவம் முடிந்தால் வீட்டுக்குப் போ! நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் கூப்பிட்டு மற்ற மாதங்களில் மறந்துவிடும் மிராசுதாரை நமக்குத் தெரியாதா?

சொந்த முதலாளி ஆன கூலி

இங்கேதான் உபதேசி நுழைகிறான். "ஏன் கம்பெனிக்கு உழைக்கிறாய்? நீயே முதலாளியாகு!" என்கிறான்.

அவன் கற்றுக்கொடுப்பது காமிரா வித்தை அல்ல. அது அவனைவிட மாணவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அவன் சொல்லிக்கொடுப்பது அம்மாவைக் கையாளும் வித்தை. கேளுங்கள்: படங்களை வீட்டுக்கு அனுப்பாதே. தாய் தகப்பனை நேரில் வரவழை. விளக்கை மங்கலாக்கு. பெரிய திரையில் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டு. மெல்லிய சங்கீதம் இருக்கட்டும். நேற்றுத்தான் கைப்பிடித்து நடந்த பிள்ளை நாளை வீட்டை விட்டுப் போகப் போகிறான் என்று தாய்க்கு நெஞ்சு அடைக்கும் வரை விலையைப் பேசாதே. பிறகு பட்டியலை நீட்டு. எல்லாவற்றிலும் விலை கூடியதை முதலில் காட்டு. அதைப் பார்த்து மிரண்டவள் நடு ரகத்தை மலிவென்று நினைத்து வாங்கிவிடுவாள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து போக விடாதே.

அந்த வட்டாரத்தில் இதற்குச் "சேவை" என்று பெயர். ஒரு தாயின் கண்ணீர் எப்போது வரும் என்று நேரம் குறித்து, அது வந்த கையோடு பில் போடுவது சேவையாம்! இழவு வீட்டில் சவப்பெட்டி விற்பவன்கூடக் கொஞ்சம் தயங்குவான்.

இதைச் செய்யும் சிறு போட்டோக்காரன் கொழுக்கிறானா? அதுவும் இல்லை என்பதுதான் பரிதாபம். காமிரா, லென்ஸ், கம்ப்யூட்டர், இன்ஷூரன்ஸ், விளம்பரம், எல்லாம் அவன் தலையில். இரண்டு மணி நேரம் வயல் ஓரத்தில், மஞ்சள் வெயிலில் ஒரு பெண்ணைப் படம் எடுக்கிறான் என்றால், அதற்கு முன் பேச்சுவார்த்தை, போய்வரும் பயணம், நூற்றுக்கணக்கான படங்களில் பொறுக்குவது, பருவை மறைத்துப் பல்லை வெளுப்பது, விற்பனைக் கூட்டம், அச்சுக்கு அனுப்பி வாங்கி ஒப்படைப்பது என்று இரண்டு நாள் உழைப்பு கணக்கில் வராமல் போகிறது. கம்பெனியில் வேலை செய்பவனுக்கு முதுமைக் காப்பு, முதியோர் வைத்தியத்துக்கான வரியில் பாதியை, அதாவது 7.65 சதவீதத்தை, எஜமானன் கட்ட வேண்டும். "சொந்த முதலாளி" ஆனவன் இரண்டு பாதியையும் தானே கட்டுகிறான்: 15.3 சதவீதம். எஜமானன் கொடுக்கும் வைத்தியக் காப்பும் அவனுக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஓவர்டைம் கிடையாது. முதலாளி என்ற பட்டம் மட்டும் உண்டு. அந்தப் பட்டத்தை அவனுக்கு விற்ற உபதேசி வகுப்புக் கட்டணத்தை முன்பணமாகவே வாங்கிக்கொண்டான். தங்கம் கிடைக்கிறது என்று ஊரைக் கிளப்பிவிட்டு மண்வெட்டி விற்பவனுக்கு நஷ்டமே வராது.

சம்பளம் இல்லாத ஏஜெண்டுகளும் உண்டு. யார் தெரியுமா? பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்! வகுப்பில் நாலு பேர் பின்னால் வரும் பிள்ளையாகப் பார்த்துப் பிடி. அவளுக்கு இலவசமாகவோ தள்ளுபடியிலோ படம் எடுத்துக் கொடு. அவள் உன் படங்களை எங்கும் பரப்பி, தோழிகளை உன்னிடம் அனுப்பட்டும் என்பது அந்தப் பாடத்தின் முக்கிய அத்தியாயம். "தூதர்" என்று அவளுக்குப் பெயர். கூலி இல்லை, கௌரவம் உண்டு. யாரைத் தூதராக எடுப்பார்கள்? நல்ல சட்டை உள்ள பிள்ளையை. பள்ளி விட்டதும் கடையில் பெட்டி தூக்கப் போகிற பிள்ளையை அல்ல. சிநேகிதத்தை விற்பனைக்குப் பழக்கும் இந்த வேலையைப் பள்ளிப் பிள்ளையிடம் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

"காமிராவுக்குக் கூச்சம்"

"யாரையும் கழுத்தைப் பிடித்து வாங்கச் சொல்லவில்லையே?" என்று வாதாடுகிறார்கள். பல பள்ளிகளில் ஆண்டு மலருக்கான ஒரு படத்தைக் கம்பெனி இலவசமாகவே எடுக்கிறது என்றும் சொல்கிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இலவச முக்காலியில் உட்கார்ந்த பிள்ளையை இன்னும் பத்துக் கோணத்தில் எடுத்து, பத்தையும் தாய்க்கு அனுப்புகிறார்களே, எதற்கு? மலரில் அச்சான தன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் மலரையும் விலை கொடுத்து வாங்க வேண்டுமே, அது எதற்கு?

உட்காருவதற்கே கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு. அந்த நாளில் பணம் இல்லாததால் வராமல் போன பிள்ளை, வேலைக்குப் போனதால் வராமல் போன பிள்ளை, வாடகை கட்ட முடியாமல் குடும்பத்தோடு ஊர் மாறி வந்த பிள்ளை என்று ஒவ்வொரு பள்ளியிலும் சிலர் இருப்பார்கள். மலரின் சீனியர் பக்கங்களுக்குக் கடைசியில் படமில்லாதவர்களின் பெயர்களைச் சின்ன எழுத்தில் வரிசையாகப் போடுவது வழக்கம். அதற்குப் பல மலர்களில் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? "காமிராவுக்குக் கூச்சப்படுபவர்கள்"!

கூச்சமாம்! வறுமைக்கு எத்தனையோ பெயர் வைத்துப் பார்த்திருக்கிறோம். சோம்பேறித்தனம் என்றார்கள், தலைவிதி என்றார்கள், குடி என்றார்கள். இப்படி விளையாட்டாக ஒரு பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறோம். நாற்பது வருஷம் கழித்து அந்த மலரைப் புரட்டும் பேரப்பிள்ளை, தன் பாட்டி கூச்சக்காரி என்றுதான் நினைப்பாள். பாட்டிக்கு அன்று பணம் இல்லை என்று எந்தப் பக்கமும் அவளுக்குச் சொல்லாது.

இன்னொரு வாதம்: "இப்போது எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளலாமே?" எடுத்துக்கொள்ளலாம். ஒரு காசு செலவில்லாமல் எடுக்கலாம். அப்படியிருந்தும் இந்த வியாபாரம் சாகவில்லை என்றால், விற்கப்படுவது படம் அல்ல என்பது வெட்டவெளிச்சமாகிறது. மலரில் இடம், வகுப்பில் எல்லோரையும் போல் இருப்பது, தகப்பன் தன் பிள்ளைக்குச் செய்யத் தவறவில்லை என்ற நிம்மதி, இவைதான் சரக்கு. மாமன் கைப்பேசியில் எடுத்த நல்ல படத்தைக் குத்தகை உள்ள மலர் ஏற்காது.

நம் ஊருக்கு வந்த அங்கி

சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள், தோழர்களே! நம் ஊர் நர்சரிப் பள்ளிகளில் யூ.கே.ஜி. முடிக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கறுப்பு அங்கி மாட்டி, தலையில் சதுரத் தொப்பி வைத்து, கையில் சுருட்டிய காகிதம் கொடுத்துப் படம் எடுக்கிறார்களே, பார்த்ததில்லையா? "ஆ, ஆவன்னா" தாண்டாத குழந்தைக்குப் பட்டமளிப்பு! அங்கிக்கு வாடகை, படத்துக்குப் பணம், சட்டத்துக்குத் தனிப் பணம். ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு வந்த தகப்பன், மற்றக் குழந்தைகள் நடுவில் தன் குழந்தை மட்டும் அங்கி இல்லாமல் நிற்கக் கூடாதே என்று கொடுக்கிறான். பள்ளிக்கும் படக்காரருக்கும் நடுவில் என்ன பேச்சு என்று அவன் கேட்பதில்லை.

காமிராவைத் தவணையில் வாங்கிய வாலிபன் கதையும் இங்கே துவங்கிவிட்டது. கல்யாண சீசனில் இரவு பகல் பாராமல் ஓடுகிறான். சீசன் போனால் தவணைக்கு வட்டிக்கு வாங்குகிறான். அவனுக்கும் அதே உபதேசம்: உன் விலையை ஏற்று, மணப்பெண்ணின் தாயைக் குறி வை! அவனோடு நமக்குச் சண்டை இல்லை. அவன் நம் வீட்டுப் பிள்ளை. நெகடிவ் மேல் பென்சில் பிடித்து முகத் தழும்பை ஆற்றிய பழைய ஸ்டூடியோத் தொழிலாளியைப் போலவே கைத்திறன் உள்ளவன். அவனுக்கு வேண்டியது நியாயமான கூலியும், சீசன் இல்லாத மாதத்தில் சோறும். முதலாளிப் பட்டம் அல்ல.

வழி இல்லாமலா போயிற்று? புத்தகம் எப்படிப் படிப்பின் பகுதியோ அப்படியே மலரும் படமும் ஆகட்டும்; பள்ளிச் செலவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம், ஒரு மலர் கையில் கொடுக்கட்டும். எடுக்கும் தொழிலாளிக்குப் பள்ளியே நாள் கூலி கொடுக்கட்டும். போட்டோக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து அந்த வேலையை எடுத்துச் செய்யட்டும். வீட்டில் எடுத்த படத்தை மலர் ஏற்கட்டும். அதற்கு மேல் வயல் ஓரத்தில், குதிரை மேல், காரின் முன்னால் எடுத்துக்கொள்ள ஆசையும் பணமும் உள்ளவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். அது அவர்கள் இஷ்டம்.

அமெரிக்காவில் இந்தக் காண்ட்ராக்டுகளைப் பல இடங்களில் பள்ளி வாரியம்தான் நிறைவேற்றுகிறது. வாரிய உறுப்பினர்கள் பெரும்பாலும் வட்டார மக்களின் ஓட்டில் வந்தவர்கள். கூட்டம் பகிரங்கமாக நடக்கும்; பொதுமக்கள் எழுந்து சில நிமிஷம் பேச நேரம் ஒதுக்குவது வழக்கம். தட்டுக் கழுவுகிற அந்தத் தாய் ஒரு மாலை ஷிப்டை விட்டுவிட்டு அங்கே போய் நிற்கலாம். தனியாகப் போக வேண்டாம். அதே பட்டியல் வந்த பத்துத் தாய்மார்களோடு போகலாம். படத்தைப் பற்றியோ கோட்டைப் பற்றியோ பேசவே வேண்டாம். ஒரே கேள்வி போதும்: "நாங்கள் கட்டும் 300 டாலரில் பள்ளிக்கு எத்தனை வருகிறது? அந்தக் காண்ட்ராக்டை இங்கே படித்துக் காட்டுங்கள்!"

அங்கி வாடகைக் கடிதம் வந்ததும் நம் ஊர்ப் பெற்றோர் கூட்டத்திலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.